கழுத்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று

ஊருக்கெல்லாம் காது சோதிக்கிறவரின் கார் ஊரையே செவிடாக்கிக்கொண்டு ஓடினால் கேலிக்குப் பஞ்சமிருக்குமா? அந்த நீலக் கார் இரண்டு தெரு தள்ளி வரும்போதே ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெண் எழுந்து காது சோதனை அறையின் விளக்கைப் போட்டுவிடுவாள். தொழிற்சாலைகளில் கேலி இன்னும் கொஞ்சம் காரமாக இருக்கும்.

"எங்க காது மெஷினால போச்சா, உங்க வண்டியால போச்சா? அதை முதல்ல கண்டுபிடிங்கக்கா!"

பீப் அக்கா சிரித்துக்கொள்வார். இருபத்து மூன்று வருடமாக அவருக்கு அதுதான் வேலை: ஒருவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, 'பீப்' என்று ஒரு சின்னச் சத்தம் அனுப்புவது. கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கை தூக்கிய இடத்தில் தாளில் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. அந்தக் கோடு எங்கே இறங்குகிறது என்று பார்த்தே, ஆள் என்ன மெஷினில் எத்தனை வருடம் நின்றார் என்று சொல்லிவிடுவார்.

வேலை மேல் அவருக்கிருந்த பிடிப்பு சும்மா வந்ததில்லை. அவருடைய அப்பா இரும்புப் பட்டறையில் நின்றவர். நாற்பது வயதில் கதவு தட்டுவது கேட்காது. 'தலையெழுத்து' என்றார்கள் உறவுக்காரர்கள். தலையில் எழுதியதை யாரும் படித்ததில்லை. மெஷினின் பக்கவாட்டில் தகட்டில் எழுதியிருந்த சத்த அளவை யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். ஒருவரும் படிக்கவில்லை. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று யாராவது பழமொழி சொன்னால் பீப் அக்காவுக்கு இன்றும் கோபம் வரும். "சங்கை இருபது வருஷம் காதுகிட்ட ஊதினது யாருன்னு கேளுங்க முதல்ல" என்பார்.

வருடத்துக்கு ஒரு முறை தொழிற்சாலைகளுக்கும் போவார். மடக்குக் கூண்டு, சோதனைப் பெட்டி இரண்டும் ஏறுவதற்காகக் காரின் பின் இருக்கையையே கழற்றி வீட்டில் போட்டிருந்தார். வீட்டில் அது சோபா.

அந்தத் திங்கட்கிழமை காலை, தகடு அடிக்கும் ஒரு தொழிற்சாலையின் கேட்டில் கார் நின்றது. காவலாளி கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கருவி. சத்தம் அளக்கும் மீட்டர்.

"என்னண்ணே, புதுசா?"

"என்னம்மா?" என்று காவலாளி உள்ளங்கையைக் காதருகே குவித்தார். பிரஸ் மெஷின்களில் பத்தொன்பது வருடம் நின்றுவிட்டுக் கேட்டுக்கு வந்தவர். அவர் காதின் கோட்டை பீப் அக்கா பார்த்ததில்லை, பார்க்கவும் தேவையில்லை.

"மீட்டர் புதுசான்னு கேட்டேன்!"

"ஆமாம்மா. எனக்குக் காது அவ்வளவா கேக்காதுல்ல, அதான் இதைக் குடுத்திருக்காங்க." அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். காருக்குப் பின்னால் போய் நீட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தொண்ணு. எண்பத்தஞ்சு தாண்டினா உள்ள விடக் கூடாதாம்மா."

கேட்டில் பளபளவென்று ஒரு பலகை தொங்கியது. பீப் அக்கா அதை இரண்டு முறை படித்தார். 'எண்பத்தைந்து டெசிபெல் வரம்பை எழுதி வைக்க வேண்டும்' என்று போன வருட அறிக்கையில் பரிந்துரைத்தவரே அவர்தான். பிரஸ் மெஷின் பக்கத்தில் மாட்டச் சொன்னார். மாட்டியது கேட்டில்.

மேனேஜர் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ்கள் 'டமால், டமால்' என்று இடித்துக்கொண்டிருந்ததால், கார் சத்தமாக இருக்கிறது என்பதையே அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க வண்டி ரொம்பச் சத்தம் மேடம்!"

"உள்ள அதைவிடச் சத்தமா ஏதோ கேக்குதே சார்!"

"அது உற்பத்தி மேடம்! இது தொந்தரவு!"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மேனேஜர் அச்சடித்த அறிவிப்பு ஒன்றின் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதிக் கையில் கொடுத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா இந்த வருஷச் சோதனை முடிஞ்சதா வெச்சுக்குவோம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." வேறு வண்டியில் வரலாமா என்றால் அதற்கும் பதில் தயார். கேட் அனுமதிச் சீட்டு வண்டி நம்பருக்குத்தான். புதுச் சீட்டுக்கு ஒரு மாதம்.

அடுத்த வருஷம்! பதினொரு பிரஸ்காரர்கள் காத்திருந்தார்கள். அதில் ஆறாம் நம்பர் பிரஸ்காரருக்கு வயது முப்பத்தொன்று. போன வருடம் அவர் கோடு ஒரு இடத்தில் பள்ளமாக விழுந்திருந்தது. கம்பெனி டாக்டர் அதன்மேல் 'வயது காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு முப்பதே வயதுக்காரருக்கு! இந்த வருடக் கோடும் சேர்ந்தால்தான் காது இறங்கிக்கொண்டே போகிறது என்று காட்ட முடியும். இரண்டு கோடுகள் இருந்தால் தொழிலாளர் அதிகாரி விசாரித்தே ஆக வேண்டும். மெஷினுக்கு மூடி போடவைக்கலாம், ஆளை வேறு வேலைக்கு மாற்றவைக்கலாம். ஒரு கோடு மட்டும் இருந்தால் அது டாக்டர் சொன்ன வயது.

கேட்டுக்கு வெளியே காரை ஓரங்கட்டி, பீப் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவர் கையில் சிவப்புப் பேனா இல்லாத நேரம் தூங்கும் நேரம் மட்டும்தான்.

"என்னங்க, உள்ள விடலை. 'மஃப்ளர் மாற்றிய பின் வரவும்'னு எழுதிக் குடுத்திருக்கான். சாயங்காலம் கடைப் பக்கமாத்தானே வருவீங்க? ஒண்ணு பாருங்களேன்."

"மஃப்ளரா? சரி, பாத்து வாங்கிட்டு வர்றேன்."

சாயங்காலம் அவர் வந்தார். வெற்றி பெற்ற முகம். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பழுப்பு நிறம், நல்ல கம்பளி, இரண்டு முனையிலும் குஞ்சம்.

பீப் அக்கா அதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இது என்ன?"

"மஃப்ளர். நீதானே கேட்ட? உன் கழுத்துல இருக்கறது கம்பெனிக்கு என்ன கேடுன்னு எனக்கும் புரியலைதான். சட்டம் எப்படி எப்படியோ இருக்கு, நமக்கென்னன்னு வாங்கிட்டேன்."

"கடவுளே இல்லைன்னு சொல்ற என்னையே 'கடவுளே'ன்னு சொல்லவெக்கிறீங்களே! வண்டிக்குங்க! வண்டிக்கு!"

"வண்டிக்கு எதுக்கு மஃப்ளர்?"

"சைலன்சர்!"

"அப்ப சைலன்சர்னு சொல்லணும். மஃப்ளர்னா கழுத்துல சுத்தறது. யாரை வேணா கேட்டுப் பாரு." பிழை திருத்துபவர் தன் பிழையை ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. பேச்சை மாற்ற அறிவிப்பை வாங்கிப் படித்தார். பழக்கதோஷத்தில் பேனா கைக்கு வந்துவிட்டது. "இதை எழுதினவனுக்குத் தமிழும் தெரியலை. 'எந்த இயந்திரமும்'னு போட்டிருக்கான். 'வாகனமும்'னுல்ல இருக்கணும்?" என்று சொல்லி ஒரு சுழி போட்டார்.

"உங்க சுழியை வெச்சு நான் என்ன பண்றது? வண்டி உள்ள போகணும். நாளன்னைக்கு லீவு போடுங்க, நானும் போடறேன், கடைக்குப் போறோம்."

புதன்கிழமை ஸ்பேர் கடையில் கூட்டமில்லை. கடைக்காரர் பீப் அக்காவைத் தாண்டி, பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சார், எந்த வருஷ மாடல்?"

பீப் அக்கா வருடத்தைச் சொன்னார். கார் பிறந்து இருபத்திரண்டு வருடம்.

"பின்னாடி பெட்டி மட்டுமா சார், முழு செட்டா?"

"பெட்டி மட்டும். முன்குழாய் நல்லா இருக்கு, தட்டிப் பாத்துட்டேன்" என்றார் பீப் அக்கா.

"சார், ஒரு வார்த்தை நீங்க சொன்னீங்கன்னா..."

"ஏங்க," என்றார் வீட்டுக்காரர், "நான் மஃப்ளர் வாங்கின கதை உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்கிட்ட ஊசிகூடக் காட்ட மாட்டீங்க. அவங்ககிட்டயே பேசுங்க."

வேறு வழியில்லாமல் கடைக்காரர் மேடத்திடம் பேசினார். முதலில் வந்தது கண்ணாடி போல மின்னும் ஒன்று. "ஸ்போர்ட்ஸ் டைப். இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியும். அவ்வளவு சுத்தம்!"

பீப் அக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கடைக்காரரின் மூக்கு தெரிந்தது. "வெளிச்சம் நேராப் போனா சத்தமும் நேராத்தான் போகும். எனக்கு வளைஞ்சு வளைஞ்சு களைச்சுப்போய் வெளிய வரணும். அடுத்தது."

அடுத்தது லேசாக இருந்தது. விரல் முட்டியால் தட்டினார். 'டிங்' என்று பிஸ்கட் டப்பா மாதிரி பதில் வந்தது. ஆட்டினார், உள்ளே ஏதோ உருண்டது. "புதுசுலயே பல்லு ஆடுதே?" மூன்றாவது, உடைத்த காரிலிருந்து கழற்றிக் கறுப்புச் சாயம் அடித்தது. கம்பெனிப் பொருள் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். பீப் அக்கா சாவி முனையால் அடிப்பக்கத் தையலில் ஒரு அழுத்து அழுத்தினார். சாயம் உரிந்து துருப்பொடி கொட்டியது.

கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. "இவ்வளவு பாக்கணுமா மேடம்? அந்த வண்டிக்கே ராசி இல்லைன்னு நினைக்கிறேன். வித்துட்டு வேற பாருங்க."

"ராசி இல்லாம இல்லைங்க, இரும்புல ஓட்டை. நான் தினம் கிட்டக்கிட்ட ஓட்டிட்டு நிறுத்திடறேன். புகையில இருக்கற ஈரம் பெட்டிக்குள்ள தண்ணியா தங்குது. சூடேறிக் காயறதுக்குள்ள வண்டி நின்னுடுது. அப்புறம் துருப்பிடிக்காம பூவா பூக்கும்? ஓட்டைன்னா அடைக்கலாம். ராசிக்கு எங்க போய் வெல்டிங் போடறது? மேல் தட்டுல தூசியோட ஒண்ணு இருக்கே, அதை எடுங்க."

"அதுவா? யாரும் கேக்க மாட்டாங்க. சவுண்டே வராது."

"யாரும் கேக்காததாலதான் எனக்கு வேணும்."

இரண்டு கைகளும் வேண்டியிருந்தன, அவ்வளவு கனம். இரட்டைத் தகடு, அலுமினியப் பூச்சு. தட்டினால் தலையணையைத் தட்டியது போல ஒரு 'தொப்'. பீப் அக்கா பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். காரின் குழாயைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்ட நூல். பெட்டியின் வாயில் சுற்றினார். முடிச்சு முடிச்சோடு பொருந்தியது. ஒரு கொக்கி மட்டும் இடம் மாறியிருந்தது. அது வெல்டிங்காரர் கைக்கு அரைமணி வேலை.

"இது," என்றார்.

கடைக்காரர் பழக்கம் விடாமல் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். "சார், பில் யார் பேர்ல?"

"வாங்கினவங்க பேர்ல," என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் போட்ட ஒரே திருத்தம் அது. நல்ல திருத்தம்.

வியாழன் மதியம் மெக்கானிக் பெட்டியை மாட்டி முடித்து, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கையைத் துடைத்தார். "கேளுங்க, குழந்தை மாதிரி தூங்குது!"

பீப் அக்கா குனிந்து காதைக் கொடுத்தார். "குழந்தைக்கு மூக்கடைப்பு இருக்கே. டிஸ்... டிஸ்னு ஒண்ணு கேக்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"உங்களுக்குக் கேக்காது. சோதனைக்கு வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன், வந்தீங்களா?"

"பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும்..."

"வயசு மேல பழியைப் போடாதீங்க!" பீப் அக்காவின் குரல் சட்டென்று ஏறியது. மெக்கானிக்குக்குக் காரணம் புரியவில்லை. "இதையேதான் அந்த டாக்டரும் எழுதினார். ஆளுக்கும் வயசு, வண்டிக்கும் வயசு. எங்க ஓட்டைன்னு பாக்க ஒருத்தருக்கும் முதுகு வளையாது. வண்டியை நிறுத்துங்க. குழாய் ஆறட்டும். துணி இருக்கா, தடியா?"

பட்டறையில் இருந்த துணியெல்லாம் எண்ணெயில் ஊறியவை. பீப் அக்கா கார் கதவைத் திறந்தார். முன் இருக்கையில் குஞ்சத்தோடு கிடந்தது பழுப்புக் கம்பளி.

"ஐயோ, அது கழுத்துக்கு வாங்கினது!" என்று கூட வந்திருந்த வீட்டுக்காரர் அலறினார்.

"வண்டிக்குன்னு சொல்லித்தானே வாங்கினீங்க?"

குழாய் ஆறியதும் மஃப்ளரைப் பந்தாகச் சுருட்டினார். மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் செய்ய, பீப் அக்கா கையுறை மாட்டிக்கொண்டு பந்தைப் பின்குழாயின் வாயில் வைத்து அழுத்திப் பிடித்தார். புகை வெளியே போக வழியில்லாமல் ஓட்டை இருக்கும் இடத்தைத் தேடியது. வண்டிக்கு அடியில் பெட்டியும் முன்குழாயும் சேரும் இடத்திலிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று சீறியது. மெக்கானிக்குக்கே கேட்டது.

கழற்றிப் பார்த்தால், கசிவு தடுக்கப் போடும் கேஸ்கெட் வளையத்தில் பழையதையே திரும்பப் போட்டிருந்தார். "நல்லாத்தான் இருந்துச்சுன்னு..." என்று இழுத்தார். புது வளையம் மாட்டினார். மறுபடி மஃப்ளரை வைத்து அழுத்தியபோது சீறல் இல்லை. மூச்சுத் திணறி எஞ்சின்தான் நின்றது. கம்பளியில் வட்டமாக ஒரு கரி முத்திரை விழுந்திருந்தது. வீட்டுக்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "திருத்த முடியாத பிழை" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் காவலாளி காரின் பின்னால் குனிந்தார். மீட்டரைப் பார்த்தார், உதறினார், மறுபடி பார்த்தார். "என்னம்மா, வண்டியை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்குண்ணே. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். நடுங்கியது. "அறுபத்தெட்டு," என்று பதிவேட்டில் எழுதினார்.

பீப் அக்கா உள்ளே போயிருக்கலாம். வந்த வேலை அதுதான். ஆனால் அனுமதிச் சீட்டோடு அறிவிப்பையும் எடுத்தபோது, அதில் வீட்டுக்காரர் போட்ட சிவப்புச் சுழி கண்ணில் பட்டது. கால் பிரேக்கிலேயே நின்றது.

"அண்ணே, இந்த வரியைக் கொஞ்சம் படிங்க."

காவலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "'வளாகத்தினுள் எண்பத்தைந்து டெசிபெலுக்கு மேல் சத்தம் எழுப்பும் எந்த இயந்திரமும் அனுமதிக்கப்படாது. அளவு பதிவு செய்யப்பட்டு உடனே நிறுத்தப்படும்.' கீழ மேனேஜர் கையெழுத்து."

"வண்டின்னு இருக்கா?"

"இல்லையேம்மா. இயந்திரம்னு இருக்கு."

"பிரஸ் மெஷின் என்ன?"

காவலாளி உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். சுவருக்கு அப்பால் 'டமால்' என்று ஒன்று விழுந்தது. பத்தொன்பது வருடம் அவர் அதன் பக்கத்தில் நின்றவர். பிறகு மீட்டரையும் பதிவேட்டையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மெதுவா ஓட்டுங்கம்மா, நான் முன்னாடி நடக்கறேன்" என்றார்.

ஆறாம் நம்பர் பிரஸ்முன் மீட்டரை நீட்டினார். நூற்று நான்கு. அதை அப்படியே எழுதினார். ஒன்று முதல் பதினொன்று வரை போனார். ஒன்றுகூட நூறுக்குக் கீழே இறங்கவில்லை. விசில் ஊதினார். மேஸ்திரி ஓடிவந்தார், அறிவிப்பைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்தக் கூரையின்கீழ் அப்படியொரு அமைதி யாரும் கண்டதில்லை. தகரத்தில் புறா நடப்பது பீப் அக்காவுக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற பதினொரு பேரில் நாலைந்து பேர்தான் தலையைத் தூக்கினார்கள்.

ஐந்து நிமிடத்தில் மேனேஜர் வந்துவிட்டார். "யார் மெஷினை நிறுத்தினது? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

காவலாளி அறிவிப்பை நீட்டினார். "நீங்கதான் சார்."

"அது வண்டிக்குப் போட்டதுய்யா!"

"வண்டின்னு எழுதலையே சார்," என்றார் பீப் அக்கா. "எங்க வீட்டுக்காரர்கூடச் சொன்னார், பிழைன்னு. நான்தான் இல்லைங்கறேன். சரியாத்தான் எழுதியிருக்கீங்க. உற்பத்தியா தொந்தரவான்னு காதுக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் நூத்திநாலு."

"நாளைக்கே திருத்தி ஒட்டறேன் பாருங்க!"

"ஒட்டுங்க. இன்னிக்கு இதுதான் ஒட்டியிருக்கு."

மேனேஜர் பதிவேட்டை இழுத்துப் பார்த்தார். பக்கம் முழுக்க எண்கள். கேட்டில் தானே வைத்த பதிவேடு. கிழித்தால் கிழித்த இடம் தெரியும். பீப் அக்கா ஏற்கெனவே அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தார். "மதியம் வரைக்கும்தான். சீக்கிரம் முடிங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். போகும்போது செருப்புச் சத்தம் கேட்டது. அந்தத் தரையில் முதல் முறையாக.

கூண்டை விரித்தார்கள். ஆறாம் நம்பர்காரர் உள்ளே உட்கார்ந்தார். பீப் அக்கா அனுப்பினார், காத்திருந்தார், அனுப்பினார். கை தூக்கப்பட்டது, சில இடங்களில் தாமதமாக. சில இடங்களில் தூக்கப்படவே இல்லை. முடிந்ததும் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"போன வருஷம் குழி. இந்த வருஷம் கிணறு," என்றார் ஆறாம் நம்பர்காரர். அவரே படித்துக்கொண்டார். "வயசுதானாக்கா?"

"ஒரு வருஷத்துல உங்களுக்கு எத்தனை வயசு ஏறிச்சு தம்பி?"

"ஒண்ணு."

"அப்ப இது வயசில்லை. இன்னிக்கே இது தொழிலாளர் ஆபீஸ் போகுது. பதிவேட்டுப் படமும் கூடவே."

பதினொரு பேரும் முடிந்து கூண்டை மடக்கப்போனபோது, காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பன்னெண்டாவதா ஒருத்தரைப் பாக்க முடியுமாம்மா?"

மதியம் சோதனைப் பெட்டியை ஏற்ற ஆறாம் நம்பர்காரரும் ஒரு கை கொடுத்தார். பன்னிரண்டு தாள்களையும் முன் இருக்கையில் வைத்து, பறக்காமலிருக்கக் கரி பட்ட மஃப்ளரை மேலே மடித்துப் போட்டுவிட்டு, பீப் அக்கா சாவியைத் திருப்பினார். தொழிலாளர் ஆபீஸ் மூடுவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

ஆறாம் நம்பர்காரர் ஜன்னலருகில் குனிந்து காத்திருந்தார். வண்டிக்குப் பின்னால் போய் ஒரு முறை பார்த்தார். திரும்பி வந்தார்.

"என்னக்கா, ஸ்டார்ட் ஆகலையா? தள்ளட்டுமா?"

வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. புதுச் சைலன்சர் அவ்வளவு நல்லதா, அவர் காது அவ்வளவு மோசமா என்று பீப் அக்காவுக்கே ஒரு நிமிடம் பிடிபடவில்லை. சைலன்சருக்கு உண்டான பாராட்டை அதற்கே கொடுத்துவிட்டு, மீதியைத் தாள் சொல்லட்டும் என்று கியரைப் போட்டார்.

"தள்ள வேணாம் தம்பி. ஓடுது. ஒதுங்கி நில்லுங்க," என்றார், தன் உதட்டைப் பார்த்து அவர் புரிந்துகொள்ளும்படி நன்றாக வாயைத் திறந்து.